மேபெரி ஊரின் பெரட்டு

தோட்டத்தில் பொழுது புலருமுன் பெரட்டு நடப்பதை அறியாதார் நம்மில் இலர். பெயர் கூப்பிட்டால்தான் ஆள் வந்ததாகப் பொருள். கூப்பிடாவிட்டால், அவன் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தாலும் வராதவனே. செக்ரோலில் பேர் விழாதவனுக்குச் சம்பளமில்லை. இக்கணக்கை எழுதுவதையே ஜீவனோபாயமாகக் கொண்டுவிட்டதனாலோ என்னவோ, ஒரு கதையைப் படித்தாலும் ஒரு படத்தைப் பார்த்தாலும், அதில் யார் யார் பெயர் கூப்பிடப்பட்டது, யார் பெயர் விட்டுப் போயிற்று என்று பார்ப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தைக் கொண்டு ஒரு பழைய அமெரிக்கத் தொலைக்காட்சிப் படத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அப்படத்தின் பெயர் 'ரிட்டர்ன் டு மேபெரி'. மேபெரிக்குத் திரும்பி வருதல் என்பது அதன் பொருள். 1986-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ஆம் தேதி அமெரிக்காவின் என்.பி.சி. நிலையத்தார் அதை ஒளிபரப்பினர். அப்பருவத்தில் வெளிவந்த தொலைக்காட்சிப் படங்கள் யாவற்றினும் மிக அதிகமான ஜனங்கள் பார்த்தது இதுவே. அதற்குக் காரணம் உண்டு. 1960-ஆம் வருஷம் அக்டோபர் முதல் 1968-ஆம் வருஷம் ஏப்ரல் வரை, எட்டுப் பருவங்களாக, 249 பகுதிகளில் நடைபெற்ற 'தி ஆண்டி கிரிபித் ஷோ' என்னும் குடும்ப ஹாஸ்யத் தொடரின் பழைய முகங்களை மீண்டும் ஒன்றுகூட்டிய படம் அது. பதினெட்டு வருஷங் கழித்து உறவினரைப் பார்ப்பதுபோல் ஜனங்கள் அதைப் பார்த்தனர்.

இப்படத்தை விடுமுறை நாள் ஒன்றில் நம் வீட்டில் போட்டுப் பார்த்தோம். அக்கம்பக்கத்தாரும் வந்திருந்தனர். அவருள் ஒருவர் முப்பது வருஷம் பால்மரம் சீவிய மூதாட்டியார். ஆங்கிலம் அறியார், ஆயினும் முகத்தைப் பார்த்தே கதையைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் உடையவர். பாதிப் படம் ஓடியபின் அவர் நம்மைப் பார்த்து, "ஏங்கய்யா கிராணியாரே, இவ்வளவு பெரிய ஊருல நம்ம நெறத்துல ஒரு ஆளுகூடக் கெடையாதா?" என்று கேட்டார். "பாட்டி, இது சிரிப்புப் படம், இதிலே அதெல்லாம் பார்க்கக் கூடாது" என்றோம். "சிரிக்கிறதுக்கு எங்களையும் கூப்பிடலாமே!" என்றார் அவர். ஆங்கிலப் பள்ளியில் படித்த நமக்கு இக்கேள்வி தோன்றாது போயிற்றே என்று நாணினோம். இக்கட்டுரை அந்த நாணத்தில் பிறந்தது.

முதற்கண் தொடரின் சிறப்பைச் சொல்லிவிடுவது நியாயம். குறை காண வருகிறவன் நிறையை மறைப்பானாயின் அவன் விமர்சகனல்லன். மேபெரி என்பது வட கரோலினா மாகாணத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு சிற்றூர். அவ்வூரின் ஷெரிப், அதாவது காவல் தலைவர், ஆண்டி டெய்லர். மனைவியை இழந்தவர். ஓப்பி என்னும் சிறு மகனைத் தம் அத்தையாகிய பீ அம்மையாரின் துணையோடு வளர்த்து வருகின்றார். அவர் இடுப்பில் துப்பாக்கி அணிவதில்லை. ஊர்க் குடிகாரர் ஓட்டிஸ் என்பவர் போதையேறினால் தாமே சிறைக்குள் நுழைந்து தாமே பூட்டிக்கொண்டு உறங்குவார். மலைநாட்டிலிருந்து வரும் எர்னஸ்ட் பாஸ் என்பவர் பிறர் ஜன்னல்களில் கல்லெறிவார். அவரிடமும் ஷெரிப் பொறுமை காட்டுவார். உதவியாளராகிய பார்னி பைப் தம்மை மாவீரராக எண்ணிக்கொண்டு செய்யும் கோமாளித்தனங்களை ஷெரிப் பிறர் நகையாதபடி மறைத்துக் காப்பார். அதிகாரம் என்பது அதட்டல் அன்று, பிறர் மானத்தைக் காத்தல் என்று காட்டிய தொடர் அது. அடிக்கும் கை படைத்த அதிகாரிகளையே கதைகளிற் கண்டு பழகிய நமக்கு இது பெரும் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இது நிற்க. அந்த மாகாணத்தில் அந்த நாட்களில் நடந்தது என்ன?

1960-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 1-ஆம் தேதி, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், கறுப்பின மாணவர் நால்வர் உல்வொர்த் கடைக்குச் சென்று, வெள்ளையர்க்கே உரியதென ஒதுக்கப்பட்டிருந்த உணவு மேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர். கொடுக்கப்படவில்லை. அவர்கள் எழுந்து போகவுமில்லை. மறுநாள் மேலும் பலர் வந்து அமர்ந்தனர். அவ்வறப்போர் தென்மாகாணங்கள் எங்கும் பரவிற்று. அவ்வருஷம் ஜூலை 25-ஆம் தேதிதான் அக்கடையார் பணிந்து கறுப்பினத்தவர்க்கும் உணவளித்தனர். ஏப்ரல் மாதத்தில் அம்மாகாணத் தலைநகராகிய ராலேயில், ஷா பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் கூடித் தமக்கென ஓர் அகிம்சைச் சங்கமும் நிறுவிக்கொண்டனர்.

மேபெரி ஊர் தொலைக்காட்சியில் முதன்முதலாகத் தோன்றியது எப்போது தெரியுமா? மற்றொரு தொடரின் ஒரு பகுதியாக, 1960-ஆம் வருஷம் பிப்ரவரி 15-ஆம் தேதி. மாணவர் நால்வர் அந்த மேடையில் அமர்ந்து சரியாகப் பதினான்கு நாட்களே ஆகியிருந்தன. நடிகர் ஆண்டி கிரிபித் பிறந்த மௌன்ட் ஏரி என்னும் ஊரே மேபெரிக்கு மூலம் என்று பலரும் கருதுகின்றனர். அவ்வூரிலிருந்து கிரீன்ஸ்பரோ நூறு மைலுக்குள் உள்ளது. மேபெரியிலும் உணவுக்கடை உண்டு. அங்கும் ஜனங்கள் அமர்ந்து காப்பி அருந்துவர். பார்னி பைப் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ராலே நகரைப் பற்றியே பேசுவார். பின்னர் அங்கேயே உத்தியோகமும் ஏற்றுப் போவார். ஆயினும் ராலேயில் கூடிய மாணவரைப் பற்றியோ, கிரீன்ஸ்பரோவில் மறுக்கப்பட்ட காப்பியைப் பற்றியோ எட்டு வருஷத்தில் ஒரு சொல் இல்லை. அன்று அம்மாகாணத்து ஜனத்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். மேபெரியின் வீதிக் காட்சிகளில் எப்போதேனும் ஒரு கறுப்பர் கடந்து போவதுண்டு. அவ்வளவே. அவருக்குப் பெயரில்லை, பேச்சில்லை.

எட்டு வருஷத்தில் பேசும் கதாபாத்திரமாக வந்த கறுப்பினத்தவர் ஒரே ஒருவர். 1967-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் வெளிவந்த ஒரு பகுதியில், ராக்னி டார்க்கிங்டன் என்னும் நடிகர் பிளிப் கான்ராய் என்ற பாத்திரத்தில் தோன்றினார். தொழில்முறைக் கால்பந்தாட்டத்தில் பேர்பெற்றுப் பிறகு சொந்த ஊருக்கே திரும்பித் தம் தந்தையாரின் தொழிலை மேற்கொண்டவர் பிளிப். ஊர்ச் சிறுவர்க்கு ஆட்டம் பழக்குகின்றார். பந்தாட்டமா, பியானோவா என்று தடுமாறும் ஓப்பிக்கு, இரண்டையும் செய்யலாம் என்று தாமே பியானோ வாசித்துக் காட்டுகின்றார்.

அப்பகுதியை நாம் குறை கூறமாட்டோம். அதில் பிளிப் ஏவலாளன் அல்லர். கண்ணை உருட்டிச் சிரிப்பூட்டும் கோமாளியும் அல்லர். கற்றவர், மதிக்கத்தக்கவர், சிறுவர்க்கு ஆசிரியர். அன்றியும், அவர் வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் அல்லர். மேபெரியிற் பிறந்து வளர்ந்தவர் என்றே கதை கூறுகிறது. அங்கேதான் நமது ஐயம் பிறக்கிறது. அவர் மேபெரியிற் பிறந்தவராயின், அதற்கு முந்திய ஆறேழு வருஷமாக அவருடைய தந்தையாரின் கடை எத்தெருவில் இருந்தது? அவருடைய தாயார் எக்கோவிலில் தொழுதார்? ஓப்பி படித்த பள்ளியில் அவர் படித்தாரா, அல்லது கறுப்பினத்தவர்க்கென வேறு பள்ளி இருந்ததா? அப்பள்ளியை ஷெரிப் டெய்லர் ஒரு நாளேனும் எட்டிப் பார்த்தாரா? பிளிப் ஒரு நாள் வந்தார். நல்ல பாடம் கற்பித்தார். பின்னர் காணாமற் போனார். ஒரு நாள் மட்டும் பேர் போட்டுவிட்டு மறுநாள் முதல் செக்ரோலில் இடமில்லாத கைக்காசு ஆளின் கணக்கு இது.

இனி 1986-ஆம் வருஷத்துப் படத்திற்கு வருவோம். இதன் கதையே ஒரு பெரட்டுப் போன்றது. வெளியூரில் உத்தியோகம் பார்த்து வந்த ஆண்டி, மனைவி ஹெலனுடன் சொந்த ஊருக்குத் திரும்புகின்றார். மகன் ஓப்பி இப்பொழுது ஊர்ப் பத்திரிகையின் ஆசிரியர். அவர் மனைவி பிரசவத்தை எதிர்நோக்கி இருக்கிறாள். மீண்டும் ஷெரிப் பதவிக்கு நிற்கலாம் என்ற ஆசையோடு வந்த ஆண்டி, பார்னி அப்பதவிக்கே அபேட்சகராக நிற்பதைக் கண்டு தம் ஆசையை வெளியிடாது அடக்கிக்கொள்கின்றார். இதற்கிடையே ஏரியில் ஒரு பூதம் இருப்பதாகப் புரளி. அது ஒருவர் தம் வியாபாரத்திற்காகச் செய்த தந்திரம் என்று ஆண்டி கண்டுபிடிக்கின்றார். முடிவில் பார்னி ஜனங்கள் முன்னிலையில் ஆண்டிக்கே விட்டுக்கொடுக்கின்றார். நட்பின் பெருமையை உணர்த்தும் இக்காட்சி கண்ணில் நீர் வரச் செய்வது உண்மை.

பெயர் கூப்பிடும் முறையைப் பாருங்கள். கோமர் வருகின்றார், கூபர் வருகின்றார். குடியை விட்டொழித்த ஓட்டிஸ் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டுகின்றார். கல்லெறியும் எர்னஸ்ட் பாஸ்கூட விடப்படவில்லை. மலையிலிருந்து டார்லிங் குடும்பத்தார் வாத்தியங்களோடு இறங்கி வருகின்றனர். காலஞ்சென்ற பீ அம்மையாரின் கல்லறைக்கும் ஆண்டி சென்று நிற்கின்றார். இருப்போர், இறந்தோர், திருந்தினோர், திருந்தாதோர் ஆகிய அனைவர் பெயரும் கூப்பிடப்பட்டது. பிளிப் கான்ராயின் பெயர் மட்டும் கூப்பிடப்படவில்லை. ஊருக்குத் திரும்பி வருவதே கதையாகக் கொண்ட படத்தில், ஊருக்குத் திரும்பி வந்தவராகவே முன்னர் காட்டப்பட்ட ஒருவர் மறக்கப்பட்டார்!

வேறொன்றையும் கவனிக்க வேண்டும். இப்படம் காலத்தோடு நடவாத படமன்று. பார்னியின் பழைய காதலி தெல்மா லூ, வேறொருவரை மணந்து, மணவிலக்குப் பெற்று ஊர் திரும்புகின்றாள். அவளைப் பார்னி மணக்கின்றார். ஊரே கூடி மகிழ்கின்றது. மறுமணத்தை இழிவாகக் கருதும் மூடவழக்கம் இன்னும் ஒழியாத வீடுகள் நம்மிடையே உண்டு. அத்தகையோர் இக்காட்சியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆக, குடிகாரன் திருந்தினான் என்றும், மணவிலக்குப் பெற்றவள் மீண்டும் வாழலாம் என்றும் ஒப்புக்கொள்ளும் மனவிரிவு இப்படத்திற்கு இருந்தது. வர்ணத்தின் வாயிலில் வந்தபோது மட்டும் அம்மனம் நின்றுவிட்டது.

இதற்குச் சமாதானம் கூறுவோர் இருவகையினர். முதல் வகையார், "இது ஹாஸ்யம், ஹாஸ்யத்தில் அரசியலைத் திணிக்கலாகாது" என்பர். நாம் அரசியற் பிரசங்கம் கேட்கவில்லை. ஆனால், இப்படத்தின் கதையே ஷெரிப் தேர்தல்! தேர்தலைக் கதையாக வைத்துக்கொண்டு அரசியல் வேண்டாம் என்றால் அதை யார் நம்புவர்? தென்மாகாணங்களில் ஷெரிப் என்ற சொல்லே கறுப்பினத்தவர்க்கு நடுக்கந் தருவதாக இருந்த காலம் அது. 1965-ஆம் வருஷம் மார்ச் 7-ஆம் தேதி, அலபாமாவின் செல்மா நகரில், வோட்டுரிமை கேட்டு நடந்து சென்றவர்களை மாகாணக் காவலரும் ஷெரிப் கிளார்க்கின் ஆட்களும் தடிகொண்டு அடித்தனர். அவ்வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி வோட்டுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. தொடரின் காலத்தில் வட கரோலினாக் கறுப்பர் பலர்க்குத் தடையாயிருந்த வோட்டுச் சாவடி, 1986-இல் திறந்திருந்தது. அத்தகைய தேர்தலில், துப்பாக்கி அணியாத ஒரு ஷெரிப், ஒரு கறுப்பர் வீட்டு வாயிலில் நின்று, "உங்கள் வோட்டு எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்கும் ஒரு காட்சி இருந்திருக்குமானால்! அதில் ஹாஸ்யமும் இருந்திருக்கும். அக்கருணையுள்ள மனிதரின் கருணைக்கு ஒரு சோதனையும் இருந்திருக்கும். சோதனை வராத நற்குணத்தை எங்ஙனம் அளப்பது?

இரண்டாம் வகையார், "அக்காலத்து நிலைமை அப்படி, விளம்பரக் கம்பெனியார் இடங்கொடார், செய்தவர்களைப் பழித்தல் தகாது" என்பர். இதிற் சிறிது உண்மை உண்டு. ஆயினும் முழு உண்மையன்று. மேபெரித் தொடரின் தயாரிப்புத் தலைவர்களுள் ஒருவரான ஷெல்டன் லெனார்ட், 1965-ஆம் வருஷத்திலேயே 'ஐ ஸ்பை' என்னும் வேறொரு தொடரில் வெள்ளையர் ஒருவர்க்குச் சமமான துணைநாயகராகக் கறுப்பினத்தவர் ஒருவரை அமர்த்தி வெற்றி கண்டார். முடியாது என்பது பொய். மேபெரியில் வேண்டாம் என்று இருந்தனர் என்பதே மெய். 1986-க்கோ அச்சமாதானமும் பொருந்தாது. அப்பருவத்தில் என்.பி.சி. நிலையத்தில் மட்டுமன்றி அமெரிக்கா முழுவதிலும் முதலிடம் பெற்றிருந்த தொடர், ஒரு கறுப்பினக் குடும்பத்தைப் பற்றிய 'தி காஸ்பி ஷோ'. அதன் நாயகர் பிற்காலத்தில் வழக்குகளில் அகப்பட்டுப் பெயர் கெட்டது வேறு விஷயம். ஜனங்கள் அக்குடும்பத்தைத் தம் வீட்டுக்குள் வரவேற்றனர் என்பதே நமக்கு வேண்டுவது. ஆண்டி கிரிபித் அவர்களே அவ்வருஷத்திலேயே தொடங்கிய 'மாட்லாக்' வழக்கறிஞர் தொடரில், கறுப்பினத்தவரான கென் ஹாலிடே துப்பறியும் துணைவராக நடித்தார். ஆகவே நடிகர்க்கும் மனமிருந்தது, நிலையத்தார்க்கும் துணிவிருந்தது, ஜனங்களும் ஆயத்தமாயிருந்தனர். பழைய ஊரின் நினைவை மட்டும் தொடக்கூடாது என்று காத்தனர்.

நினைவு என்பதே இங்கு வழக்குக்குரிய பொருள். படம் பார்த்தவர் பலர், 'அந்தக் காலம் எவ்வளவு நன்றாயிருந்தது!' என்று பெருமூச்செறிந்தனர். யாருக்கு நன்றாயிருந்தது என்று கேட்பார் இல்லை. மௌன்ட் ஏரி ஊரில் 1990 முதல் ஆண்டுதோறும் மேபெரித் திருநாள் கொண்டாடி வருகின்றனர். ஆனால் அந்த ஊரின் உண்மைச் சரித்திரம் மேபெரியைவிடப் பல வர்ணமுடையது. ஒட்டிப் பிறந்த இரட்டையரும் சயாமில் தோன்றியவருமான சாங், எங் சகோதரர்கள், அவ்வட்டாரத்திலேயே நிலம் வாங்கிக் குடியேறினர். 1843-இல் உள்ளூர் வெள்ளைச் சகோதரிகள் இருவரை மணந்து, பிள்ளைகள் பெற்று, 1874-இல் அங்கேயே மாண்டனர். நம் பக்கத்து நாட்டு மனிதர்! அவர்கள் கறுப்பின அடிமைகளையும் உடைமையாக வைத்திருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெள்ளையர், கறுப்பர், ஆசியர் ஆகிய மூவர் வாழ்வும் பாவமும் பிணைந்து கிடந்த மண் அது. அம்மண்ணிலிருந்து எடுத்த கற்பனை ஊர் ஒரே நிறமாக வெளுத்துப் போயிற்று.

அப்படியானால், படத்தில் இரண்டு கறுப்பர், ஒரு சீனர், ஓர் இந்தியர் என்று தலையெண்ணிச் சேர்த்துவிட்டாற் போதுமா என்று கேட்கலாம். போதாது என்பதே நம் அபிப்பிராயம். மூலையில் நிறுத்தி வைத்த முகம் பிரதிநிதித்துவம் ஆகாது. கதையில் அவனுக்கு ஒரு வீடு வேண்டும், ஒரு கோபம் வேண்டும், ஓர் அசட்டுத்தனமும் வேண்டும். பார்னிக்கு அசடனாக இருக்கும் உரிமை உண்டு. ஜனங்கள் அவனை நேசிப்பதே அதனால்தான். பிளிப் கான்ராய்க்கு அந்த உரிமை இல்லை. குற்றமற்ற உத்தமராக இருந்தால்தான் ஒரு நாளாவது உள்ளே விடுவர். மூதாட்டியார் சொன்னதன் ஆழம் பின்னரே நமக்கு விளங்கிற்று. சிரிக்க அழைப்பதும், சிரிக்கும்போது உடனிருக்க விடுவதும் மனிதனை மனிதனாக ஒப்புக்கொள்வதன் அடையாளம்.

இவ்வளவும் கூறிவிட்டு, "அமெரிக்கர் இத்தகையர்" என்று திருப்தியோடு எழுந்து போவோமாயின் நமக்குப் பயன் ஒன்றுமில்லை. இந்நாட்டுக் கதைகளில் நம் பெயர் விட்டுப் போயிற்று என்று நாம் முறையிடுவது நியாயமே. ஆனால் நாம் எழுதும் கதைகளிலும், தீபாவளிக்கு நாம் எடுக்கும் நாடகங்களிலும் யார் பெயரைக் கூப்பிடுகின்றோம்? இன்று தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டிச் சுமப்போருள் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஒரு காலத்தில் நம் பாட்டனார் உறங்கிய லயத்தில் இன்று அவர்கள் உறங்குகின்றனர். நம் சிறுகதைகளில் அவர்களுக்குப் பெயர் உண்டா? உண்டெனில், திருடனாக அன்றி வேறு எவ்வகையில் வருகின்றனர்? செக்ரோலில் நாமே நாள்தோறும் எழுதும் அப்பெயர்களுள் ஒன்றையேனும் நாம் கதையில் எழுதியதுண்டா? இல்லை என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

எனவே, வாசகர்கள் 'ரிட்டர்ன் டு மேபெரி' படத்தைப் பார்க்கத்தான் வேண்டும். நட்பின் இனிமைக்காகவும், பார்னியாக நடித்த டான் நாட்ஸின் ஈடற்ற நடிப்புக்காகவும் பார்க்க வேண்டும். பார்த்து முடித்தபின், திரையில் வந்த பெயர்களை எண்ணி, வராத பெயர்களையும் எண்ண வேண்டும். அதே கணக்கை அன்றிரவே நம் சொந்த எழுத்துக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். மூதாட்டியார் மறுபடியும் நம் வீட்டிற்குப் படம் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கின்றார். அவர் கேள்விக்குப் பதில் சொல்லத்தக்க கதை ஒன்றை அதற்குள் நம்மவர் யாரேனும் எழுதுவாரானால், அதை அவருக்கு முதலிற் படித்துக் காட்டும் பேறு நமக்குக் கிட்டுக.